குட்டைக்கால் மோட்டார்

திருப்பூரில் கடல் இல்லை. நொய்யல் ஒன்று இருக்கிறது. அதிலும் நான் வாழ்க்கைப்பட்டு வந்த காலத்தில் மழைக்கு ஒரு மாதம் தண்ணீர் ஓடும், மற்ற நாட்களில் அதன் மணலில் பனியன் துணி காயும். அப்படிப்பட்ட ஊரில், அறுபதுகளின் நடுவில் ஒரு கோடை முழுக்க, மீன்பிடிப் படகுக்கு எந்த மோட்டார் நல்லது என்பதைத் தவிர எங்கள் தெருவில் வேறு பேச்சு இல்லை. டீக்கடையில் பேசினார்கள், சலூனில் பேசினார்கள், கோயில் முடிந்து வெளியே செருப்பு மாட்டும்போதும் பேசினார்கள். கடலைப் பார்த்து வளர்ந்த ஆள் அந்தத் தெருவில் நான் ஒருத்திதான். என்னை யாரும் கேட்கவில்லை. தப்பு, ஒருவர் கேட்டார். அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரைக் கிராமத்தில் பிறந்தவள். அப்பாவுக்குப் பாய் கட்டிய வள்ளம் ஒன்று இருந்தது. எனக்குப் பதினாறு வயதில், ஒரு பங்குனி மாதம், அந்த வள்ளம் கரை திரும்பவில்லை. புயலில் போவதை ஊர் எதிர்பார்க்கும். காற்று இல்லாமல் போவதை யாரும் எதிர்பார்ப்பதில்லை. அன்று காற்று செத்துவிட்டது. பாய் தொங்கிப்போய், நீரோட்டம் வள்ளத்தை இழுத்துக்கொண்டு போயிற்று. நாலாம் நாள் வேறொரு ஊர்க்காரர்கள் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். குடிதண்ணீர்ப் பானை காய்ந்து கிடந்தது. அப்பா உயிரோடு இல்லை. இரண்டு வருஷத்தில் அம்மாவும் போய்விட்டாள். மிச்சம் நானும் என் தம்பியும். அவன் அதே வள்ளத்தில் அதே கடலுக்குப் போக ஆரம்பித்தான்.

என் வீட்டுக்காரர் அந்தப் பக்கத்து நூல் மில்லுக்கு மிஷின் பூட்ட வந்தவர். அவிநாசி பக்கத்தில் ஒரு கிறிஸ்தவ விவசாயக் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசைக்கு வந்து கடைசி வரிசையில் நின்றதைப் பார்த்துவிட்டு, எங்கள் பங்குச் சாமியார் அவருக்கு என்னைப் பேசி முடித்தார். இப்படித்தான் உப்புக்காற்றில் வளர்ந்தவள் பிளீச்சிங் பவுடர் வாசனைக்கு வந்து சேர்ந்தேன். அவர் ஒரு பனியன் கம்பெனியில் நிட்டிங் மிஷின் மெக்கானிக். தெருவில் நடந்து போகும்போதே ஷெட்டுக்குள் ஓடுகிற மிஷினில் ஒரு ஊசி உடைந்திருப்பதைச் சத்தத்தில் கண்டுபிடித்துவிடுவார். அந்தக் காதுக்காகவே ஊரில் அவருக்கு மரியாதை.

மரியாதை என்று வந்துவிட்டதால் அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கடற்கரையில் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். வலை கிழிந்திருந்தால் கிழிந்துவிட்டது என்று முகத்துக்கு நேரே சொல்வோம், சொல்கிற சத்தத்தில் காக்கை பறக்கும். இந்த ஊரில் யாரும் யாரையும் மறுத்துப் பேசி நான் கேட்டதில்லை. வேண்டாம் என்பதற்கு “செரிங்க, பாக்கலாங்க” என்று பெயர். நடக்காது என்பதற்கு “அதுக்கென்னுங்க” என்று பெயர். கல்யாணமான முதல் வருஷம், எல்லோரும் என் பேச்சுக்குத் தலையாட்டுகிறார்களே என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை என்று தெரிய அடுத்த வருஷம் ஆயிற்று.

தம்பிக்கு நான் எழுதுகிற கடிதங்களில் எல்லாம் ஒரே விஷயம்தான் இருக்கும். கடலை விட்டு இங்கே வந்துவிடு. கம்பெனி முதலாளியிடம் சொல்லி, பனியன் மடித்துப் பெட்டி கட்டுகிற வேலையில் அவனுக்கு ஓர் இடம் வாங்கி வைத்திருந்தேன். வெயில் படாத வேலை, சம்பளம் சனிக்கிழமை சனிக்கிழமை கைக்கு வரும், முக்கியமாகத் தண்ணீர் கிடையாது. அவன் பிடி கொடுக்காமலே எழுதிவந்தான். அந்த வருஷம் சித்திரையில் எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு கடிதம் வந்தது.

பாய்தான் தனக்கு ஓட்டம், ஆனால் காற்று செத்தால் வீடு திரும்ப மட்டும் ஒரு சின்ன மோட்டார் இருந்தால் போதும் என்று எழுதியிருந்தான். வள்ளத்தின் பின்பலகையில் மாட்டுகிற மாதிரி, ஒரு ஆள் தூக்கிக் கழற்றுகிற மாதிரி. அத்தான் இருக்கிற கோயமுத்தூர்ப் பக்கம் மோட்டாருக்குப் பேர்போனதாயிற்றே, அங்கே பழையதாக ஏதாவது கிடைக்குமா பார்க்கச் சொல். கிடைத்தால் உனக்குப் பயமில்லை, நானும் கடலில் இருந்துகொள்கிறேன். கிடைக்காவிட்டால் இந்தப் பருவத்தோடு வள்ளத்தை விற்றுவிட்டு வந்துவிடுகிறேன், இனி உன்னோடு மல்லுக்கட்ட முடியாது.

அந்தக் கடைசி வரியை நான் எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே தெரியாது. கிடைக்கக் கூடாது என்று மாதாவுக்கு மெழுகுவர்த்தி கூட ஏற்றினேன். மாதா என் வீட்டுக்காரரின் சுறுசுறுப்பைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது.

அவர் கடலைப் பார்த்தது மில்லில் வேலை செய்த அந்த ஒரு வருஷம்தான், அதுவும் கரையில் நின்று, பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு. ஆனாலும் வேலையை எடுத்தார் என்றால் எடுத்ததுதான். கோயமுத்தூரில் ஒரு பழைய மிஷின் வியாபாரியைப் பிடித்தார். அந்தக் காலத்தில் வெளிநாட்டு மிஷின் நினைத்தபடி வராது. கொச்சித் துறைமுகத்தில் கப்பல்காரர்கள் கழித்துப் போடுவதுதான் கைமாறி வரும். ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு எழுதினார். எடை எவ்வளவு, ஒற்றை ஆள் தூக்க முடியுமா. பெட்ரோலில் எவ்வளவு ஆயில் கலக்க வேண்டும். கயிறு இழுத்தால் எத்தனையாவது இழுப்பில் கிளம்புகிறது. மோட்டாரைக் குளிர வைக்க அதே கடல் தண்ணீர்தான் உள்ளே போய் வருகிறது என்றால் உப்பு அரிக்குமே, ஒவ்வொரு நாளும் நல்ல தண்ணீர் விட்டு ஓட்டிக் கழுவ வேண்டுமா. ஈர விரலோடு பிளக் மாற்ற முடியுமா. அவ்வளவும் சரியான கேள்விகள். இன்றைக்கு யாராவது வாங்கப் போனாலும் அந்த நோட்டைக் கொண்டுபோகலாம், ஒரே ஒரு கேள்விதான் அதில் விட்டுப்போயிருந்தது.

வைகாசியில் வியாபாரி இரண்டு மோட்டார்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே நாலு குதிரைச் சக்தி, ஒரே பச்சைப் பெயிண்ட். ஒரு வித்தியாசம்தான். மேலே மோட்டார், கீழே தண்ணீருக்குள் சுற்றுகிற இலை, இரண்டுக்கும் நடுவில் இறங்குகிற தண்டு இருக்கிறதே, அது ஒன்றில் குட்டை, ஒன்றில் நெட்டை. அரைச் சாணுக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். தெருவில் உடனே குட்டைக்கால், நெட்டைக்கால் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

பார்த்த கணத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. கடலில் வள்ளம் சும்மா கிடப்பதில்லை. உடையாமல் உருண்டு வருகிற அலை, நாங்கள் நீர்மேடு என்போம், அது அடியில் வந்து போகும்போது முன்பக்கம் இறங்கும், பின்பக்கம் தூக்கும். எங்கள் வள்ளத்துக்குப் பின்பலகையும் உயரம். குட்டைக்காலை மாட்டினால் வள்ளம் தூக்குகிற ஒவ்வொரு முறையும் இலை காற்றில் சுற்றும், தள்ளாது. இதைக் கண்டுபிடிக்கப் படிப்பு வேண்டாம், அந்த ஊரில் பிறந்திருந்தால் போதும்.

தெருவுக்கு அது போதவில்லை. அவர்கள் சோதித்துப் பார்த்தே தீருவது என்று முடிவு செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கம்பெனிக்கு விடுமுறை. பனியன் துணியை வெளுக்கிற பெரிய சிமெண்ட் தொட்டியில் தண்ணீர் நிரப்பச் சொல்லி முதலாளியே உத்தரவு கொடுத்தார். தொட்டியின் ஓரத்தில் பலகை கட்டினார்கள். இந்தச் சபைக்குத் தலைமை தாங்க என் வீட்டுக்காரரின் பெரியப்பா குண்டடத்திலிருந்து வந்திருந்தார். அவர் கிணறு வெட்டி, பாறை உடைத்து, ஆயில் இஞ்சின் இறக்கித் தண்ணீர் எடுத்தவர். அந்த வட்டாரத்தில் யார் பம்பு செட் வாங்கினாலும் அவரைக் கேட்காமல் வாங்க மாட்டார்கள். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, தொட்டிக்கு நேர் எதிரே நாற்காலி.

முதலில் குட்டைக்கால். இரண்டாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. தொட்டித் தண்ணீர் மொத்தமும் எழுந்து எதிர்ச்சுவரில் அடித்துத் திரும்பி வந்து முதலாளியை நனைத்தது. பெரியப்பாவின் துண்டு மிதந்து போயிற்று. கூட்டத்துக்கு அவ்வளவு சந்தோஷம். அடுத்தது நெட்டைக்கால். அதன் இலை தொட்டியின் அடி வரைக்கும் போய்விட்டது. அடியில் பல மாதமாகப் படிந்திருந்த பிளீச்சிங் பவுடர் சேறு கலங்கிக் கிளம்பி, தண்ணீர் கஞ்சியாயிற்று. மோட்டார் இருமியது, திணறியது, நின்றே போனது.

பெரியப்பா தீர்ப்புச் சொன்னார். “தண்ணிக்கும் மிஷினுக்கும் நடுவுல எத்தன நீளம் இருக்குதோ அத்தனையும் நட்டமுங்க. கெணத்துல மோட்டார எறக்கி, தண்ணிக்குப் பக்கத்துல வெக்கறது எதுக்கு? குட்டதான் செரி.”

இது கிணற்றுக்காரர்களின் வேதம். தண்ணீரை உறிஞ்சுகிற குழாய் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். இந்த மோட்டார் தண்ணீரை உறிஞ்ச வரவில்லை, படகைத் தள்ள வந்திருக்கிறது என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. கிணறு ஆடாது. கிணற்றில் அலை வராது. ஆமாங்க, ஆமாங்க என்று ஒரு தெருவே தலையாட்டியது. நான் டீ டம்ளர்களை அடுக்கிக்கொண்டு நின்றேன்.

மறுநாள் வெளுத்த பனியன்களில் நாலைந்து டஜன் ஆயில் படிந்து லேசான மஞ்சளில் வந்தன. முதலாளி குறை சொல்லவில்லை. வெயிலுக்கு இந்தக் கலர் கண்ணுக்கு இதமாக இருக்கிறது என்றார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் என் வீட்டுக்காரர் மோட்டாரைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார். அடிபடாமல் இருக்கச் சுற்றிலும் பனியன் வேஸ்ட் துணியைத் திணித்தார். நான் ஊசியும் சணலும் எடுத்துக் கொடுத்தேன். எல்லாம் முடிந்து சாக்கு வாயைத் தைக்கும் முன் நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்.

“நீ கடலக் கண்டவ. வேற ஏதாச்சும் பாக்கோணுமா அம்மிணி?”

“ஒண்ணுமில்லீங்க” என்றேன்.

அவ்வளவுதான் நான் செய்தது. அதற்குள் அந்த ஊர்ப் பேச்சு எனக்கு நன்றாக வந்திருந்தது. மோட்டார் சரியாகத் தள்ளாவிட்டால் ஒரு மாதம் மல்லுக்கட்டிப் பார்ப்பான், வெறுத்துப்போவான், வள்ளத்தை விற்றுவிட்டு வருவான் என்று கணக்குப் போட்டேன். கரைக்குப் பக்கத்தில் ஓட்டிப் பார்த்த முதல் நாளே அவனுக்குத் தெரிந்துவிடும், ஆபத்து எதுவும் வராது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நல்லதற்குத்தானே செய்கிறேன் என்று அன்று நன்றாகவே தூங்கினேன். அந்தத் தூக்கத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் ஆத்திரம் வருகிறது.

மூன்று வாரத்தில் கார்டு வந்தது. மோட்டார் வந்து சேர்ந்தது, நன்றாக ஓடுகிறது, அத்தானுக்கும் பெரியவர்களுக்கும் என் நன்றியைச் சொல்லவும். நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நன்றாக எப்படி ஓடும்? நான்தான் தப்பாக நினைத்துவிட்டேனா? என் வீட்டுக்காரர் கார்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் காட்டினார். அடுத்து வந்த கார்டுகளும் அதையே சொல்லின. படகு மோட்டார் நிபுணர் என்று அவருக்குப் பெயர் நிலைத்துவிட்டது. அனுப்பர்பாளையத்துப் பாத்திரப் பட்டறைக்காரர் ஒருவர், பவானிசாகர் அணையில் பரிசல் வைத்திருக்கிற தன் மச்சினனுக்கு மோட்டார் மாட்டலாமா என்று யோசனை கேட்க வந்தார். பரிசலுக்கு மோட்டார் வைத்தால் அது நின்ற இடத்திலேயே சுற்றும் என்று நான் நினைத்தேன். செரிங்க, பாக்கலாங்க என்று இவர் சொல்லி அனுப்பினார். நல்லவேளை, அது அங்கே மறுப்பு.

நெட்டைக்காலை வியாபாரியிடம் விலை பேசிப் பெரியப்பாவே எடுத்துக்கொண்டு போய்விட்டார். கழித்துப் போட்டதை வீணாக்குவானேன் என்று, மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டுகிற மிஷினோடு அதை இணைக்கப்போகிறாராம்.

ஆவணியில் எங்கள் ஊர் மாதா கோயில் திருவிழா. அந்த வருஷம் இவரும் கூட வருவதாகச் சொல்லிவிட்டார். திருவிழாவுக்கு இல்லை, மோட்டாரைப் பார்க்க. வள்ளத்தில் ஏறி அது ஓடுவதைக் காதால் கேட்டுவிட்டு வர வேண்டும் என்று அவருக்கு ஒரே ஆசை. நாங்கள் போய் இறங்கினோம். தம்பி ரயிலடிக்கு வந்திருந்தான். கறுத்துப்போயிருந்தான், உள்ளங்கை இரண்டிலும் காய்த்துத் தடித்த புதிய தழும்புகள். எப்படி ஆயிற்று என்று கேட்டேன். கயிறு அறுத்தது என்றான்.

மறுநாள் காலை மூன்று பேரும் வள்ளத்தில் ஏறினோம். அத்தானுக்கு எதற்கு வெயிலில் சிரமம், கரையிலிருந்தே பார்க்கலாமே என்று தம்பி இழுத்துப் பார்த்தான். இவர் கேட்கவில்லை. பாய் விரித்து வெளியே போனோம். முதல் கால் மணியில் இவர் காலையில் சாப்பிட்ட இட்லி அத்தனையையும் கடலுக்குக் கொடுத்துவிட்டார். வாயைத் துடைத்துக்கொண்டு, மோட்டாரைப் போடச் சொன்னார். தம்பி கயிற்றை இழுத்தான், கிளம்பியது. வள்ளம் கொஞ்சம் நகர்ந்தது. பிறகு ஒரு நீர்மேடு வந்தது. பின்பக்கம் தூக்கியது. மோட்டார் வீல் என்று கத்தியது. இறங்கியதும் கொஞ்சம் தள்ளியது, அடுத்த மேட்டில் மறுபடியும் கத்தியது.

தெருவில் நடந்து போகும்போதே உடைந்த ஊசியைக் கண்டுபிடிக்கிற காது. நாலாவது கத்தலில் அவர் முகம் மாறிவிட்டது. எழுந்து தள்ளாடிப் பின்பலகைக்குப் போய், குனிந்து, இலை வெறும் காற்றில் சுற்றுவதைப் பார்த்தார். பாரம் ஏறினால் தேவலையா என்று பார்க்கப் பலகைமேல் உட்கார்ந்தார். பின்பக்கம் அமுங்கி, அலை உள்ளே ஏறி மூன்று பேரையும் நனைத்தது. கையை ஆட்டி, நிறுத்து என்றார். பாயிலேயே திரும்பினோம்.

மத்தியானம் சாப்பாட்டில்தான் பேச்சு வந்தது. ஏன் உண்மையை எழுதவில்லை என்று இவர் கேட்டார். தம்பி சோற்றைப் பிசைந்துகொண்டே, அக்கா வாழ்கிற வீடு, பெரியவர்கள் கூடிப் பார்த்து எடுத்து அனுப்பியது, சரியில்லை என்று எழுதினால் அக்காவுக்குத்தானே அங்கே தலைக்குனிவு என்றான். பிறகு தயங்கித் தயங்கிக் கைத் தழும்பின் கதையைச் சொன்னான். வந்த புதிதில் கரையோரம் தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடந்தபோது போட்டுப் பார்த்திருக்கிறான், ஓடியிருக்கிறது. மோட்டார்தான் இருக்கிறதே என்ற தைரியத்தில் ஆனியில் ஒரு நாள், வழக்கமாகப் போகாத தூரம் போயிருக்கிறான். காற்று செத்துவிட்டது. காற்று செத்தாலும் நீர்மேடு சாவதில்லை. மோட்டார் கத்தியதே தவிர வள்ளம் நகரவில்லை. நீரோட்டம் இழுக்க ஆரம்பித்தது.

“உச்சிப்பொழுதுல துடுப்பு வலிக்க ஆரம்பிச்சேன் அத்தான். கர தெரியும்போது பொழுது சாஞ்சிட்டு. கூட வந்தவன் பாதியில சுருண்டுட்டான். பானையில ஒரு சிரட்டத் தண்ணி கெடந்துச்சு. அப்பாவ நெனச்சுக்கிட்டேன்.”

நான் பரிமாறிக்கொண்டிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். தம்பி என்னைப் பார்த்தான். கோபமாக இல்லை, வெறும் சந்தேகமாகத்தான் கேட்டான்.

“ஏங்க்கா, நீ அதப் பாக்கவே இல்லியா? பாத்திருந்தா ஒனக்குத் தெரிஞ்சிருக்குமே.”

என் வாய் திறந்தது. அன்று என்ன சொல்ல இருந்தேன் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. இவர் என் முகத்தைப் பார்த்தார். நான் சாக்கு தைக்கச் சணல் கொடுத்தது, அவர் கேட்டது, நான் சொன்னது எல்லாம் அந்த ஒரு பார்வையில் அவருக்கு விளங்கிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. தம்பியிடம் திரும்பினார்.

“சொன்னாளுங்க மாப்ள. அன்னிக்கே சொன்னா. நாந்தான் காதுல போட்டுக்கில.”

நான் வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த நாளே குட்டைக்காலைக் கழற்றிச் சாக்கில் கட்டி ரயிலேற்றி, திருவிழாவின் கொடி இறங்குவதற்குள் ஊர் திரும்பினார். நேராகக் குண்டடம் போனார். பெரியப்பாவிடம், நாம் எல்லோரும் பார்த்து எடுத்தது தப்பு என்று ஒரு கொங்குநாட்டு மனிதர் எந்த வார்த்தைகளில் சொல்வார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நெட்டைக்கால் நல்லவேளையாகத் தட்டு வெட்டப் போகவில்லை. அதை இணைத்துத் தரச் சொன்ன பட்டறைக்காரனிடமிருந்து மூன்று மாதமாகச் செரிங்க, பாக்கலாங்க என்ற பதிலையே பெரியப்பா கேட்டுக்கொண்டிருந்தார். மாற்றிக்கொண்டு வந்து, தானே தூக்கிக்கொண்டு போய், தானே தம்பியின் பின்பலகையில் மாட்டி, மறுபடியும் வாந்தி எடுத்து, நீர்மேட்டில் அது கத்தாமல் தள்ளுவதைக் கேட்ட பிறகுதான் வீட்டுக்கு வந்தார்.

நிபுணர் பட்டம் அந்த வாரமே பறிபோனது. டீக்கடையில் அவரைப் பார்த்ததும், ஏனுங்க, கெணத்துல படகு உடலாமுங்களா என்று கேட்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டு, ஊட்டுல சொன்னா, நாந்தான் கேக்கில என்பார். அது அப்படியே தெருவில் பரவிவிட்டது. அதனால் எனக்குக் கிடைத்த மரியாதை கொஞ்சநஞ்சமில்லை. பெண்கள் தையல் மிஷின் வாங்கக் கூட என்னிடம் யோசனை கேட்டார்கள். நீங்க சொல்லியும் கேக்கிலியாமாங்க என்று ஒவ்வொருத்தியும் தன் வீட்டுக்காரனை நினைத்துப் பெருமூச்சு விடுவாள். பெரியப்பாவே ஒரு முறை வந்தபோது, இனிமேல் எதுவானாலும் உன்னைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும் சாமி என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னார். வாங்கிக்கொண்டேன். எல்லாவற்றையும் வாய் திறக்காமல் வாங்கிக்கொண்டேன்.

தம்பி கடைசிவரை திருப்பூருக்கு வரவில்லை. மடித்துப் பெட்டி கட்டுகிற இடத்துக்கு வேறு யாரோ போனார்கள். தை மாதம் அவனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது, இந்த மோட்டார்க் கதை தொடங்கிய பிறகு முதல் முறையாக எனக்கு மட்டும். காற்று செத்த இரண்டு நாட்களில் மோட்டார் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தது. மனசுக்குள் உன்னைக் கரித்துக்கொட்டியதற்கெல்லாம் மன்னித்துக்கொள். என்னை அங்கே இழுக்கத்தான் பார்க்கிறாய் என்று நினைத்திருந்தேன். அப்படி நினைத்தவள் சும்மா இருந்திருப்பாளே, நீ எடுத்துச் சொன்னாயாமே. எனக்காக அத்தனை பேர் நடுவில் பேச நீ ஒருத்தியாவது இருந்தாய்.

அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக் கூடப் பார்க்காமல் அழுதுகொண்டிருந்தேன். கம்பெனியிலிருந்து வந்தவர் பாலை இறக்கி வைத்துவிட்டு, கடிதத்தை எடுத்துப் படித்தார். மடித்துத் திரும்ப என் கையில் கொடுத்தார். எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. நான் எதையும் சொல்லவில்லை என்று உங்களுக்குத் தெரியும்தானே, பிறகு ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கத்தியே கேட்டேன், எங்கள் ஊர்ச் சத்தத்தில்.

அவர் துண்டை எடுத்துக் கையிலிருந்த மிஷின் கரியைத் துடைத்தார்.

“அந்த மோட்டார நாலு நாளு பிரிச்சுப் பிரிச்சுப் பாத்தேன் அம்மிணி” என்றார். “உன்னைய ஒரு தடவதான கேட்டேன், அதுவும் சாக்குத் தைக்கறப்ப.”